சயான் கோலிவாடாவில் ஒரு டேக் தேர்வு: சிப்பைத் தேடிப் போய் எர்த்தைக் கண்டுபிடித்தது

மும்பை சயான் கோலிவாடாவில் மளிகைக் கடை வைத்திருக்கும் அண்ணாச்சி ஒருவரின் வீட்டு ஆடியோ அமைப்புக்கு டிஜிட்டல்–அனலாக் மாற்றி ஒன்றைத் தேர்ந்தெடுத்த விவரம் இது. டிஜிட்டல் எண்களாக வரும் இசையை ஆம்ப்ளிஃபயருக்குப் புரியும் மின்னழுத்தமாக மாற்றித் தரும் இந்தப் பெட்டியை எல்லோரும் ‘டேக்’ என்றே சொல்வதால் நானும் அப்படியே எழுதுகிறேன். அண்ணாச்சி என்னை அழைத்தபோது அவருடைய கேள்வி, 65,000 ரூபாய் டேக்கை வாங்குவதா, இன்னும் கொஞ்சம் சேர்த்து அதற்கு மேலான ஒன்றை வாங்குவதா என்பதுதான். கடைசியில் வாங்கியது அந்த 65,000 ரூபாயில் நான்கில் ஒரு பங்குகூட ஆகவில்லை. இது சிக்கனத்தைப் பற்றிய கட்டுரை அன்று. விலை குறைந்தது தற்செயல். எந்தப் பெட்டி என்பதை முடிவு செய்தது அதற்குள் இருந்த சிப்பும் இல்லை, விலையும் இல்லை, பெட்டியின் பின்பக்கத்தில் என்னென்ன துளைகள் இருந்தன என்பதுதான் என்பதைப் பதிவு செய்யவே இதை எழுதுகிறேன்.

முதலில் வீட்டில் இருந்தவை. பழையதாக வாங்கிய, அனலாக் உள்ளீடுகள் மட்டுமே கொண்ட ஒரு ஸ்டீரியோ ஆம்ப். அதற்கு மூன்று பின் பிளக். ஷோகேஸின் இரண்டு தட்டுகளில் ஒரு ஜோடி புக்‌ஷெல்ஃப் ஸ்பீக்கர்கள். இருபது ஆண்டுப் பழைய சி.டி. பிளேயர், பெட்டி பெட்டியாக நாகஸ்வரக் கச்சேரி சி.டி.கள். சுவரில் டி.வி., அதற்குக் கீழே கேபிள்காரர் கொடுத்த செட்டாப் பாக்ஸ். இவற்றுடன் கல்லூரியில் படிக்கும் மகளின் லேப்டாப். அதன் ஹெட்ஃபோன் துளையிலிருந்து ஆம்ப்புக்கு ஒரு சாதாரண ஆர்.சி.ஏ. ஒயர் போயிருந்தது. அறை பத்துக்குப் பதினான்கு அடி. ஜன்னலைத் திறந்தால் ஜி.டி.பி. நகர் ஸ்டேஷனுக்குள் ஹார்பர் லைன் வண்டி நுழையும் ஓசை கேட்கும்.

குறை என்னவென்று அண்ணாச்சி சொன்ன விதம் எந்த அளவுக் கருவியையும்விடத் துல்லியமாக இருந்தது. “தம்பி, பாட்டு ஓடாத நேரத்துல வண்டு கணக்கா இரையுது. மவுஸ அசைச்சா அதுக்குத் தக்கன கீச்சு கீச்சுங்குது. டி.வி.ய போட்டா வேற மாதிரி, மாவு மில்லு ஓடுற கணக்கா உறுமுது.” இரண்டு இரைச்சல்கள், இரண்டு குணங்கள், நோயாளியே பாதி நோயைச் சொல்லிவிட்டார். ஆனால் அவருடைய மச்சான் அதற்கு முன்பே மருந்து எழுதியிருந்தார்: லேப்டாப்பின் உள்ளே இருக்கும் டேக் மட்டமானது, நல்ல டேக் வாங்கினால் சரியாகிவிடும். அதை நிரூபிக்கத் தம் வீட்டிலிருந்த 65,000 ரூபாய் டேக்கையே ஒரு மாதத்துக்குக் கடன் கொடுத்தும் இருந்தார். நான் போனபோது அது யூ.எஸ்.பி. வழியாக லேப்டாப்புடன் இணைந்து ஷோகேஸில் பளபளவென்று உட்கார்ந்திருந்தது. வண்டுச் சத்தம் கொஞ்சம் குறைந்திருந்தது; போகவில்லை.

65,000 ரூபாய்ப் பெட்டி இருந்தும் இரைச்சல் இருக்கிறது என்றால் இரண்டில் ஒன்று: பெட்டி பழுது, அல்லது இரைச்சல் பெட்டிக்குள் பிறக்கவே இல்லை. இரண்டாவதைச் சோதிக்கக் கருவி எதுவும் வேண்டியதில்லை. லேப்டாப்பின் சார்ஜரைச் சுவரிலிருந்து பிடுங்கினேன். ஸ்பீக்கர்கள் அமைதியாயின. திரும்பச் செருகினேன்; வண்டு திரும்பி வந்தது. மூன்று முறை செய்து காட்டியதும் அண்ணாச்சி என் கையிலிருந்து பிளக்கை வாங்கித் தாமே ஒரு முறை செருகிப் பார்த்தார்.

இது எர்த் வளையம். லேப்டாப் சார்ஜரின் மூன்றாவது பின் வழியாக லேப்டாப்பின் உலோக உடல் வீட்டின் எர்த்தோடு இணைகிறது. ஆம்ப்பின் உடலும் தன் மூன்றாவது பின் வழியாக அதே எர்த்தோடு இணைகிறது. இரண்டுக்கும் இடையே யூ.எஸ்.பி. ஒயரின் தரைக் கம்பியும், டேக்கும், ஆர்.சி.ஏ. ஒயரின் வெளிச்சுற்றுக் கம்பியும் சேர்ந்து இன்னொரு பாதையை அமைத்துவிடுகின்றன. எர்த் என்றால் எங்கும் பூஜ்ய வோல்ட் என்று நாம் நினைத்துக்கொண்டாலும், பழைய கட்டடத்தில் ஒரு பிளக் பாயின்டின் எர்த்துக்கும் அடுத்த அறை பாயின்டின் எர்த்துக்கும் நடுவில் சிறு மின்னழுத்த வேறுபாடு இருக்கத்தான் செய்யும். அந்த வேறுபாடும், சார்ஜரும் லேப்டாப்பின் உள்சுற்றுகளும் கக்கும் உயர் அதிர்வெண் அழுக்கும் வளையத்தில் ஓடும்போது, ஆர்.சி.ஏ. ஒயரின் வெளிக்கம்பியில் ஏற்படும் சிறு மின்னழுத்தம் இசையோடு சேர்ந்து ஆம்ப்புக்குள் போகிறது. ஆர்.சி.ஏ. இணைப்பில் அந்த வெளிக்கம்பிதான் சிக்னலின் ஒரு பாதி என்பதால், ஆம்ப்புக்கு இசை எது, அழுக்கு எது என்று பிரித்தறிய வழியே கிடையாது. மவுஸ் நகரும்போது லேப்டாப் இழுக்கும் மின்சாரம் மாறுவதால் கீச்சொலியும் அதனோடு மாறியது. வளையம் டேக்கைச் சுற்றிப் போவதால் டேக்கை மாற்றினால் வளையம் அறுந்துவிடாது.

டி.வி.யின் உறுமலுக்கும் வேர் அதுவே, பாதைதான் வேறு. டி.வி.யின் ஹெட்ஃபோன் துளையிலிருந்து ஆம்ப்புக்கு ஒயர் போயிருந்தது. டி.வி. எச்.டி.எம்.ஐ. வழியாகச் செட்டாப் பாக்ஸோடும், செட்டாப் பாக்ஸ் கேபிள்காரரின் கோஆக்சியல் ஒயரோடும் இணைந்திருந்தன. அந்த ஒயரின் வெளிக்கவசம் மொட்டைமாடி ஏறி, கட்டடம் கட்டடமாகத் தாவி, எங்கோ தொலைவில் எர்த் ஆகிறது. நம் மின்சாரம் 50 ஹெர்ட்ஸ் என்பதால் அதுவும் அதன் மடங்குகளும்தான் மாவு மில்லாக உறுமின. செட்டாப் பாக்ஸின் பின்னால் கேபிள் திருகைக் கழற்றிய நொடியில் உறுமல் நின்றது. கூடவே மதினியின் சீரியலும் நின்றதால் சோதனையை நீட்டிக்க முடியவில்லை.

இந்த இடத்தில் ஒரு எச்சரிக்கை. அந்தத் தெருவில் வேலை செய்யும் எலக்ட்ரீஷியன் ஒருவர், ஆம்ப் பிளக்கின் எர்த் பின்னை ஒடித்துவிட்டால் இரைச்சல் போய்விடும் என்று முன்பே சொல்லியிருக்கிறார். போகும், உண்மை. ஆம்ப்புக்குள் ஒரு காப்பு உரிந்து 230 வோல்ட் உலோக உடலைத் தொட்டால், அதை வாங்கிக்கொள்ள எர்த் இருக்காது, வால்யூமைத் திருப்ப வரும் விரல் இருக்கும். மழைக்காலத்தில் சுவரெல்லாம் ஈரம் கசியும் மும்பையில் இப்படியொரு யோசனையைச் சொல்பவரை வீட்டுக்குள்ளேயே விடக்கூடாது என்பது என் கருத்து.

எர்த்தைத் தொடாமல் வளையத்தை அறுக்க வழிகள் உண்டு. லேப்டாப்பையும் ஆம்ப்பையும் ஒரே எக்ஸ்டென்ஷன் போர்டில் செருகிப் பார்த்தேன். இரைச்சல் பாதியானது, மறையவில்லை. யூ.எஸ்.பி. ஒயரின் நடுவில் போட்டு, மின் தொடர்பைத் துண்டித்துத் தரவை மட்டும் கடத்தும் ஐசொலேட்டர் இன்னொரு வழி. ஆனால் பரவலாகக் கிடைக்கும் மலிவான ஐசொலேட்டர்கள் நொடிக்கு 12 மெகாபிட் வேகத்துக்கு மேல் போகாதவை. அதற்குள் 24 பிட் 96 கிலோஹெர்ட்ஸ் வரை அடங்கும் என்றாலும் சில டேக்குகள் அந்த வேகத்தில் இயங்கவே மறுக்கும். மூன்றாவது வழிதான் எளிது: ஆப்டிகல். 1983-இல் தோஷிபா கொண்டுவந்த டாஸ்லிங்க் இணைப்பில் செம்புக் கம்பி எதுவும் இல்லை, பிளாஸ்டிக் இழையில் சிவப்பு வெளிச்சம் மட்டுமே போகிறது. வெளிச்சத்துக்கு எர்த் கிடையாது. டி.வி.யின் பின்னால் ஆப்டிகல் துளை சும்மா கிடந்தது.

இப்போது தேவைப் பட்டியல் தானாகவே உருவாகிவிட்டது. டி.வி.க்கு ஆப்டிகல் உள்ளீடு. சி.டி. பிளேயரின் பின்னால் ஆரஞ்சு நிறக் கோஆக்சியல் டிஜிட்டல் வெளியீடு இருந்ததால் அதற்கு ஒரு கோஆக்சியல் உள்ளீடு. ஃபோனுக்கும் லேப்டாப்புக்கும் யூ.எஸ்.பி. ஆம்ப்பில் எக்ஸ்.எல்.ஆர். என்ற மூன்று பின் துளையே இல்லாததால், அதன் வழியாகப் போகும் பேலன்ஸ்டு வெளியீட்டுக்குப் பணம் கொடுப்பது வீண். மச்சானின் பெட்டியில் பேலன்ஸ்டு வெளியீடு இரண்டு இருந்தன. உள்ளே வருவதற்கு யூ.எஸ்.பி. ஒன்றே வழி. இந்த வீட்டில் மூன்று மூலங்களில் இரண்டை அதில் இணைக்கவே முடியாது. இதைச் சொன்ன பிறகும் அண்ணாச்சிக்கு மனம் ஆறவில்லை. “சத்தம் நல்லா இருக்கும்லா தம்பி? அது பெரிய சிப்பாம்லா?”

நியாயமான கேள்வி, தட்டிக்கழிக்கக் கூடாது. சிப் என்பது டேக்கின் ஒரு உறுப்பு மட்டுமே. அதற்கு வரும் மின்சாரத்தின் தூய்மை, அதன் பின்னால் வரும் ஆப்–ஆம்ப் என்ற சிறு பெருக்கிகளும் வடிகட்டியும், சர்க்கியூட் போர்டின் அமைப்பு ஆகிய எல்லாம் சேர்ந்தே முடிவைத் தருகின்றன. ஈ.எஸ்.எஸ். நிறுவனத்தின் ஒரே சிப்பைப் போட்டுச் செய்த பெட்டிகளில், சிலவற்றில் மட்டும் நடுத்தர ஒலி அளவில் உருக்குலைவு மேடு போல எழும்புவதை அளப்பவர்கள் பலமுறை காட்டியிருக்கிறார்கள். குறை சிப்பில் இல்லை, சுற்றிலும் போட்ட உறுப்புகளில். 2020 அக்டோபரில் ஜப்பானின் நோபெயோகாவில் ஏ.கே.எம். நிறுவனத்தின் தொழிற்சாலை எரிந்து சிப் கிடைக்காமல் போனபோது, பல தயாரிப்பாளர்கள் போட்டி நிறுவனச் சிப்புகளுக்கு மாறித் தங்கள் டேக்குகளை விற்றுக்கொண்டுதான் இருந்தார்கள். இன்னும் பின்னால் போனால், 1982-இல் சி.டி. சந்தைக்கு வந்தபோது ஃபிலிப்ஸிடம் இருந்தது 14 பிட் சிப்தான். இசையின் எண்களுக்கு இடையே புதிய எண்களைக் கணக்கிட்டுச் சேர்க்கும் நான்கு மடங்கு ஓவர்சாம்ப்ளிங் என்ற உத்தியால் அதிலிருந்தே 16 பிட்டுக்கு நிகரான பலனை எடுத்தார்கள். எண் பெரிதாக இருந்தால் இசை பெரிதாகும் என்ற நம்பிக்கை அன்றே உடைந்திருக்க வேண்டியது.

எண்களையே எடுத்துக்கொள்வோம். சி.டி.யின் 16 பிட் ஏறத்தாழ 96 டெசிபல் வீச்சைத் தரும். இன்றைய நல்ல டேக்குகள் 120 டெசிபலைத் தாண்டுகின்றன. அண்ணாச்சியின் அறையில் சீலிங் ஃபேன் மூன்றில் ஓடும்போது என் ஃபோன் காட்டிய பின்னணி ஓசை 46 டெசிபல். அவர் ஆசையோடு சத்தமாக வைத்துக் கேட்கும்போது உச்சம் 90-ஐ ஒட்டி வந்தது. ஃபோனின் அளவு கொஞ்சம் முன்பின் இருக்கும், காதும் இரைச்சலுக்கு அடியில் இருப்பதைச் சற்றுத் தோண்டி எடுக்கும். அப்படியே வைத்துக்கொண்டாலும் அந்த அறை தரும் இடைவெளி 44 டெசிபல்தான். அவர் உயிராக மதிக்கும் பழைய கோயில் கச்சேரிகளோ கேசட்டில் பதிவாகிப் பின்னர் சி.டி.க்கு ஏறியவை, சாதாரண கேசட்டின் இரைச்சல் எல்லையே 50, 60 டெசிபல் அளவில் நின்றுவிடும். 120-க்கும் 125-க்கும் உள்ள வேறுபாட்டை இந்த அறையில் தேடுவது, ஊர்த் திருவிழாவில் பக்கத்துத் தெருக் கைக்கடிகாரத்தின் டிக்டிக்கைத் தேடுவதைப் போன்றது.

கணக்கு யாரையும் சமாதானப்படுத்தியதில்லை என்பது என் அனுபவம். காதால் கேட்க வேண்டும். அதனால் துளைகளின் அடிப்படையில் நான் பரிந்துரைத்த டாப்பிங் ஈ30 II வந்து சேர்ந்ததும், மச்சானின் பெட்டியைத் திருப்பிக் கொடுப்பதற்கு முன் இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்தோம். ஈ30 II-இல் யூ.எஸ்.பி., ஆப்டிகல், கோஆக்சியல் மூன்றும் உண்டு, ஏ.கே.எம். நிறுவனத்தின் ஏகே4493எஸ் சிப் இரண்டு உள்ளே இருக்கின்றன; கூடவே ரிமோட். இதே விலையில் எஸ்.எம்.எஸ்.எல்., ஃபியோ போன்றவற்றின் பெட்டிகளும் இந்த வேலையைச் செய்யும். ரிமோட்டுக்காகத்தான் இதை எடுத்தேன், அதற்கான காரணம் பின்னால் வருகிறது.

ஒப்பிட்டுக் கேட்பதில் பெரும்பாலோர் வழுக்கி விழும் இடம் ஒலி அளவு. இரண்டு பெட்டிகளில் ஒன்று இம்மியளவு சத்தமாக ஒலித்தாலும் காது அதைச் ‘சத்தம் கூட’ என்று சொல்லாது. ‘தெளிவு கூட, உயிர் கூட’ என்று சொல்லும். முழு அளவில் 200 ஹெர்ட்ஸ் சைன் ஒலியை ஓடவிட்டு, ஆர்.சி.ஏ. முனையில் மல்டிமீட்டரை ஏ.சி. வோல்ட்டில் வைத்து அளந்தேன். 1 கிலோஹெர்ட்ஸை எடுக்காததற்குக் காரணம், சாதாரண மல்டிமீட்டர்கள் சில நூறு ஹெர்ட்ஸுக்கு மேல் பொய் சொல்லத் தொடங்கிவிடும். ஈ30 II காட்டியது 2.10 வோல்ட். மச்சானின் பெட்டி காட்டியது 2.36 வோல்ட். இரண்டுக்கும் வேறுபாடு ஏறத்தாழ 1 டெசிபல். மச்சான் வீட்டில் இந்தப் பெட்டியை அவருடைய பழைய டேக்குடன் மாற்றி மாற்றிக் கேட்ட எல்லோரும் ‘மேடை விரிந்தது’ என்று சொன்னதன் பின்னால் இந்த 1 டெசிபல் இருந்திருக்கலாம் என்று எனக்குப் பட்டது, அண்ணாச்சியிடம் சொல்லவில்லை.

அந்தப் பெட்டியின் வால்யூமை அதிலேயே 1 டெசிபல் இறக்கி, இரண்டும் 2.10 வோல்ட் காட்டும்படி செய்தோம். சார்ஜர் கழற்றிய லேப்டாப்பிலிருந்து இரண்டுக்கும் ஒரே பாட்டு. ஆம்ப்பின் இரண்டு உள்ளீடுகளுக்கு இடையே மகள் மாற்றுவாள், நாணயம் சுண்டி எது என்று முடிவு செய்வாள், தாளில் எழுதிக்கொள்வாள். நானும் அண்ணாச்சியும் அவளுக்கு முதுகு காட்டி உட்கார்ந்தோம். கேட்கத் தேர்ந்தெடுத்தவை அவருக்கு மனப்பாடமானவை: நாகஸ்வரம் தனித்து நீண்ட கார்வை பிடிக்கும் ஓர் ஆலாபனை, தவில் தனி ஆவர்த்தனத்தில் குச்சி விழும் இடந்தலையும் கைவிரல் கூடுகள் மோதும் ஒலியும் தனித்தனியாகக் கேட்கும் ஒரு பகுதி, தம்புரா மட்டும் மீட்டப்படும் ஒரு நிமிடம். தம்புராவைச் சேர்க்கச் சொன்னது நான்தான். தந்திக்கு அடியில் வைக்கும் ஜீவா நூல் கிளப்பும் அந்த மேல்சுரங்களின் அடர்த்தியில் உருக்குலைவு நுழைந்தால் முதலில் அங்கேதான் காட்டிக்கொடுக்கும்.

பதினாறு சுற்றுகள். தற்செயலாகவே ஒருவர் பாதியைச் சரியாகச் சொல்லிவிட முடியும் என்பதால், குறைந்தது 12 சுற்றுகள் சரியாக இருந்தால்தான் வேறுபாடு கேட்கிறது என்று ஓரளவு நம்பலாம். வெறும் ஊகத்தில் 12 அல்லது அதற்கு மேல் வருவதற்கு நூற்றில் நான்கு வாய்ப்புக்கும் குறைவு. அண்ணாச்சி 9. நான் 7. ஏழாவது சுற்றில் அண்ணாச்சி “இது மச்சான் பொட்டி, சந்தேகமே கிடையாது” என்று துடையைத் தட்டினார். தாளில் இருந்தது மற்றது. ஒரு வீட்டில் ஒரு மாலையில் நடந்த இந்தச் சோதனையை வைத்து உலகத்து டேக்குகள் எல்லாம் ஒன்றே என்று சொல்ல நான் துணியமாட்டேன். மின்தடைகளை ஏணி போல அடுக்கிச் செய்யும், ஓவர்சாம்ப்ளிங் இல்லாத ஆர்–2ஆர் வகை டேக்குகள் 44.1 கிலோஹெர்ட்ஸ் இசையில் 20 கிலோஹெர்ட்ஸுக்கு அருகில் 3 டெசிபல் அளவுக்குச் சரிவதால் அவற்றின் ஒலி இளங்காதுகளுக்கு வேறுபட்டுக் கேட்கக்கூடும். இந்த இரண்டு பெட்டிகள், இந்த அறை, இந்த இரண்டு நடுவயதுக் காதுகள் என்ற எல்லைக்குள் 65,000 ரூபாய்க்கு வேலை இல்லை.

நிறுவும்போது வந்த தடைகள் இரண்டு. ஆப்டிகல் ஒயரைச் செருகியதும் அது துளைக்குள் முழுதாக உட்காரவில்லை. அழுத்தப் போன என்னை மகள் தடுத்து, முனையில் இருந்த கண்ணாடி நிறப் பிளாஸ்டிக் மூடியை உருவிக் காட்டினாள். பதினைந்து ஆண்டு அனுபவம் அங்கே தலைகுனிந்தது. மூடியைக் கழற்றிச் செருகிய பிறகும் டி.வி.யில் சத்தம் வரவில்லை. டி.வி. தன் டிஜிட்டல் வெளியீட்டில் டால்பி டிஜிட்டல் என்ற சுருக்கிய ஒலி வடிவத்தை அனுப்பிக்கொண்டிருந்தது. இந்த வகை ஸ்டீரியோ டேக்குக்கு அந்த மொழி தெரியாது. டி.வி.யின் ஒலி அமைப்பில் அதைச் சுருக்காத வடிவமான பி.சி.எம். என்று மாற்றியதும் சீரியலின் வீணை இசை அறையை நிறைத்தது. புது டேக் பழுது என்று கடைக்குத் திருப்பி அனுப்பப்படுவதில் எத்தனை இந்த ஒரு வரியால் நடக்கிறதோ.

ரிமோட்டின் கதை இதுதான். பல டி.வி.களில் ஆப்டிகல் வெளியீட்டின் ஒலி அளவு நிலையானது; டி.வி. ரிமோட்டில் எவ்வளவு அழுத்தினாலும் கூடாது, குறையாது. ஆம்ப்புக்கு ரிமோட்டே இல்லை. விளம்பரம் வரும்போதெல்லாம் மதினி அடுக்களையிலிருந்து வந்து ஆம்ப்பின் குமிழைத் திருப்ப வேண்டியிருந்தால், இந்த அமைப்பு ஒரு வாரம்கூட அந்த வீட்டில் தாக்குப்பிடித்திருக்காது. டேக்கின் ரிமோட்டில் வால்யூம் குறைப்பது டிஜிட்டல் முறை என்றாலும், 16 பிட் இசையை அதைவிட நீளமான எண்களில் கணக்கிட்டுக் குறைப்பதால் காதுக்குத் தெரியும் இழப்பு இல்லை. டேக்குக்கு வேண்டிய 5 வோல்ட்டை லேப்டாப்பிலிருந்து எடுக்காமல், இரண்டு பின் கொண்ட பழைய ஃபோன் சார்ஜரிலிருந்து எடுத்தோம், இல்லாவிட்டால் டி.வி. பார்க்கும் நேரத்திலும் அறுத்த வளையம் வேறு வாசலில் நுழைந்திருக்கும்.

லேப்டாப்பின் வண்டு மட்டும் இன்னும் உயிரோடு இருக்கிறது. ஐசொலேட்டர் வாங்க வேண்டாம் என்று அவர்களே முடிவு செய்துவிட்டார்கள். மகள் லேப்டாப் மூடியில் ‘பாட்டு போட்டால் சார்ஜரைக் கழற்று’ என்று ஒரு சீட்டு ஒட்டியிருக்கிறாள். அண்ணாச்சி பெரும்பாலும் சி.டி.யும் ஃபோனும்தான் போடுகிறார், ஃபோனுக்கு எர்த்தே இல்லை. மச்சானுக்குப் பெட்டி திரும்பிப் போனது, கூடவே சோதனைத் தாளும் போனது. அதைப் படித்த அவர் எனக்குத் தொலைபேசியில் சொன்னது: “பதினாறுக்கு ஒம்பதுன்னா பாதிக்கு மேல சரியாத்தானே சொல்லிருக்காரு?”